இடது கால் சாக்ஸ்

ஆஸ்பத்திரி அனுப்பிய படிவத்தை அச்சடித்தவர்கள் டென்மார்க்கில் இருக்கிறார்கள். ஃபாரோ தீவுகளில், அதிலும் வடக்கே எங்கள் ஊரில், சமதளம் என்று ஒன்று கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

'சமதளத்தில், துணைக்கருவி இல்லாமல், நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்?' என்பது ஆறாவது கேள்வி. சாமல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சமையலறை ஜன்னல் வழியே பார்த்தான். வீட்டுக்கு முன்னால் கடலுக்கு இறங்கும் சரிவு. வீட்டுக்குப் பின்னால் மலைக்கு ஏறும் சரிவு. நடுவில் வீடு, வீட்டுக்குள் படிகள்.

"சமதளமாம். எங்க இருக்கு அது?"

"கால்பந்து மைதானம்," என்றாள் எல்ஸ்பா. அவன் மனைவி. வெந்த உருளைக்கிழங்கைச் சூட்டோடு தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"அதையும் வெடி வச்சுத்தானே தட்டையாக்கினோம்," என்றான்.

சாமலுக்கு அந்தப் படிவம் ஒரு பரீட்சையாகப் பட்டது. தெரியாத கேள்விக்குப் படித்துவிட்டுப் பதில் எழுத வேண்டும். மறுநாள் மழை விட்டிருந்த நேரத்தில் மைதானத்துக்குப் போனான். துணைக்கருவி இல்லாமல் என்று போட்டிருந்ததால் மலைக்கோலை வாசல் கம்பியில் சாய்த்து வைத்தான். பதினொரு சுற்று நடந்தான். கணக்குப் போட்டுப் பார்த்து, மூன்று கிலோமீட்டருக்கு மேல் என்று எழுதினான். அது உண்மைதான். நடந்து முடித்தபின் வீடு ஏறுவதற்கு முன் அரைமணி நேரம் மைதானத்துப் பலகையில் உட்கார்ந்திருந்ததைப் படிவம் கேட்கவில்லை. அவனும் எழுதவில்லை.

போன அக்டோபரில், ஆடு திரட்டும் நாளில்தான் விழுந்தான். மலையின் தோளுக்கும் உச்சிக்கும் நடுவே ஒரு புல்விளிம்பு போகிறது. கழுத்து என்போம். இரண்டு ஆள் அகலம்தான். ஆடுகள் மேலே ஏறித் தப்பிக்க அந்த ஒரு வழிதான் உண்டு. அங்கே ஒருவர் நின்று கையை விரித்துக் கத்தினால் மந்தை கீழே திரும்பிவிடும். சாமல் இருபத்திரண்டு வருடம் அங்கே நின்றவன். அந்த வருடமும் மந்தை திரும்பியது. ஒரு கிடா மட்டும் திரும்பாமல் அவனுக்கும் பாறைக்கும் இடையில் புகுந்து ஓடியது. ஈரப்புல்.

வலது பாதம் முதலில் தரையில் ஊன்றியது. கணுக்கால் எலும்பு இரண்டு பக்கமும் உடைந்தது. அங்கிருந்து சறுக்கி இடது இடுப்பு ஒரு கல்லில் மோதியது. தொடை எலும்பின் பந்து உட்காரும் கிண்ணம் மூன்றாகப் பிளந்தது. மூடுபனி விலகும்வரை ஹெலிகாப்டர் வரவில்லை. ஒரு மணி நேரம் ஆட்கள் தங்கள் ஸ்வெட்டர்களைக் கழற்றி அவன்மேல் குவித்தார்கள். காற்றடித்த பக்கம் வரிசையாக உட்கார்ந்து முதுகையே சுவராக வைத்தார்கள். எல்ஸ்பா கீழே பட்டியில் எல்லோருக்கும் சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். வரிசையிலிருந்து ஒருவர் ஸ்வெட்டர் இல்லாமல் இறங்கி வருவதைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

கணுக்காலைத் தலைநகர் தோர்சாவ்னில் சரிசெய்தார்கள். இடுப்புக் கிண்ணத்தை டென்மார்க்கில் சரிசெய்தார்கள். இரண்டு தகடுகள், ஒன்பது திருகாணிகள். டிசம்பரில் வீட்டுக்கு வந்தான். பிப்ரவரிவரை இரண்டு காலையும் ஊன்றக்கூடாது. கீழ் அறையில் கட்டிலைப் போட்டு, சக்கர நாற்காலியிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஊன்றுகோல், பிறகு மலைக்கோல். கோடையில் வைக்கோல் புரட்டினான். பார்க்கிறவர்கள் எல்லாம் எப்படிப் போகுது என்று கேட்டார்கள். போகுது என்றான்.

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. ஆள் செத்துக்கொண்டிருந்தாலும் போகுது என்றுதான் சொல்வார். வித்தியாசம் மூச்சில் இருக்கிறது. மூச்சை வெளியே விட்டபடி சொன்னால் நிஜமாகவே போகிறது. மூச்சை உள்ளே இழுத்தபடி சொன்னால் போகவில்லை, அதற்குமேல் கேட்காதே என்று அர்த்தம். சாமல் பத்து மாதமாக மூச்சை உள்ளே இழுத்தே சொல்லிக்கொண்டிருந்தான். ஊரும் அதற்குமேல் கேட்கவில்லை.

செப்டம்பர் முடியும்போது ஹானுஸ் வந்தார். எல்ஸ்பாவின் அண்ணன். மேய்ச்சலுக்குப் பொறுப்பு அவர்தான். ஆடு திரட்டும் நாளில் யார் எங்கே நிற்பது என்று சொல்வதும் அவர்தான். எல்ஸ்பா ரூபார்ப் ஜாம் வைத்த கேக்கை வெட்டி வைத்தாள். முதல் துண்டை அவர் பேசாமல் தின்றார். பிறகு, இந்த வருடக் கழுத்தைப் பற்றி மேய்ச்சல்காரர்கள் கேட்கிறார்கள் என்றார்.

"நான்தான்," என்றான் சாமல்.

"எனக்குச் சரிதான் மச்சான். ஆனா போன வருஷம் உன்னத் தூக்கினவங்க அத்தன பேரும் வரிசையில நிப்பாங்க. உனக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. டாக்டர் சரின்னு ஒரு வரி எழுதித் தரட்டும். கழுத்து உன்னுது."

"தரலன்னா?"

ஹானுஸ் கேக்கைப் பார்த்தார். கழுத்தை விட்டவர்கள் யாரும் அங்கே திரும்பி ஏறியதில்லை. சொல்லத் தேவையில்லாத விஷயம். அங்கே நிற்பவர் ஒரு வருடம் வராமல் போனால், அடுத்தவர் பழகிக்கொள்வார், அவ்வளவுதான்.

எல்ஸ்பா கேக் வெட்டிய கத்தியைத் துடைத்து வைத்தாள். போகாதே என்று அவள் ஒரு சொல் சொன்னால் சாமல் நின்றுவிடுவான். அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் அவன் ஜன்னல் வழியே மலையைப் பார்ப்பான், அவள் தடுத்தவளாக அதே அறையில் இருப்பாள். அதுவும் தெரியும்.

படிவத்தைத் தபாலில் சேர்க்க அவளிடம்தான் கொடுத்தான். உறையை ஒட்டுவதற்கு முன் படித்தாள். சிறிய, நேரான எழுத்து. வலி, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்: இரண்டு. படி ஏறுவது: எளிது. பதினான்காவது கேள்வி, காலுறையும் காலணியும் அணிவது. எளிது, சிரமம், முடியாது என்று மூன்று கட்டங்கள். எளிது என்ற கட்டத்தில் பென்சில் அழுந்தப் பெருக்கல் குறி போட்டிருந்தான்.

அவள் அந்தக் குறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாமல் இடது காலில் தானாகச் சாக்ஸ் போட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. குனிந்தால் கை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேவரைதான் போகும். இடுப்பு அதற்குமேல் மடியாது. வீட்டுக்கு வந்த முதல் வாரம் எல்ஸ்பா முன்னால் மண்டியிட்டுப் போட்டுவிட்டாள். அதுவே பழக்கமானது. சால்மன் மீன் ஆலையில் அவளுக்குக் காலை ஆறு மணி ஷிப்ட் வரும் வாரங்களில், ஐந்து மணிக்குக் கீழ் அறைக்கு வருவாள். அடுப்படியில் சூடேற்றிய கம்பளிச் சாக்ஸை, அவன் தூங்கும்போதே மெதுவாக, எழுப்பிவிடாமல் மாட்டிவிட்டுப் போவாள். அவன் விழிக்கும்போது காலில் சாக்ஸ் இருக்கும்.

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. எடையில் ஒரு கிலோ கூட்டிச் சொல்லி ஒரு ஆட்டையும் விற்றதில்லை. அவனைப் பொறுத்தவரை சாக்ஸ் ஒரு சிரமமே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. உறையை ஒட்டித் தபாலில் போட்டாள்.

டாக்டரைப் பார்க்கும் நாளில் எல்ஸ்பா ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடவே போனாள். பேருந்து கடலுக்கடியில் சுரங்கப்பாதையில் இறங்கி ஏறியது. சாமல் நல்ல சட்டை போட்டிருந்தான். மலைக்கோலை வீட்டிலேயே விட்டிருந்தான்.

டாக்டர் பெர்னிலே டென்மார்க்கிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இளம்பெண். எப்படிப் போகுது என்று கேட்டாள். சாமல் மூச்சை உள்ளே இழுத்து, போகுது என்றான். அவள் சந்தோஷமாகத் தலையாட்டிக் கணினியில் ஏதோ எழுதினாள். எல்ஸ்பா அந்தத் தலையாட்டலைப் பார்த்தாள்.

"எலும்பு அழகா கூடியிருக்கு," என்றாள் டாக்டர், எக்ஸ்ரே படத்தைத் திருப்பிக் காட்டி. "மேல இந்த இடத்துல மட்டும் இடைவெளி கொஞ்சம் குறைஞ்ச மாதிரி தெரியுது. எனக்கு ஒரு சந்தேகம்தான். ஆனா உங்க பதிலெல்லாம் பாத்தா கவலப்பட ஒண்ணுமில்ல. இவ்வளவு நல்ல மார்க் நான் பாத்ததே இல்ல."

சாமல் எல்ஸ்பாவைப் பார்த்துச் சிரித்தான். ஆடு திரட்டப் போகலாமா என்று கேட்டான். போகலாம், கடிதம் எழுதித் தருகிறேன், அதற்குமுன் கணுக்காலை ஒரு முறை பார்த்துவிடலாம் என்றாள் டாக்டர். கழற்றுவது அவனுக்குச் சுலபம். ஒரு காலின் நுனியால் மறு காலின் குதியை அழுத்தினால் ஷூ வந்துவிடும், சாக்ஸும் வந்துவிடும். டாக்டர் வலது பாதத்தை மேலும் கீழும் மடக்கிப் பார்த்தாள். மேல்பக்கம் பாதிதான் மடங்கியது. இது இனி இப்படித்தான் இருக்கும், மாலையில் வீங்கும், ஆனால் இப்படி உடைந்த கணுக்காலுக்கு இது நல்ல முடிவுதான் என்றாள். போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, கடிதம் எழுதக் கணினிப் பக்கம் திரும்பினாள்.

வலது காலில் சாமலே சாக்ஸை மாட்டினான். பிறகு இடது பாதத்தைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரம் தூக்கி, எல்ஸ்பா இருந்த பக்கம் நீட்டினான். அப்படி நீட்டியது அவனுக்கே தெரியாது. தினமும் நீட்டுவதுதான்.

எல்ஸ்பா எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். கை தானாகப் போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

பாதம் காற்றில் நின்றது. கொஞ்சம் நடுங்கத் தொடங்கியது. சாமல் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு தன் காலைப் பார்த்தான். தட்டச்சுச் சத்தம் நின்றது. டாக்டர் திரும்பியிருந்தாள்.

"சாக்ஸ் யாரு போட்டுவிடுவாங்க?" என்று கேட்டாள்.

"இவதான்."

"தினமுமா?"

"தினமும்."

"எளிதுன்னு எழுதியிருக்கீங்களே."

"எளிதுதான்," என்றான் சாமல். "இவ போட்டா ஒரு நிமிஷம்கூட ஆகாது."

அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. பாதத்தைக் கீழே வைத்தான்.

டாக்டர் நாற்காலியை எல்ஸ்பா பக்கம் நகர்த்திக்கொண்டு, வீட்டில் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். எல்ஸ்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்குகிறான். ஆடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்தால் கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி நூறு எண்ணிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். இடது பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. நூறு எண்ணுவது அவளுக்குத் தெரியும் என்று சாமலுக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்று மதியமே ஸ்கேன் எடுத்தார்கள். கிண்ணம் கூடியிருந்தது, ஆனால் பந்தும் கிண்ணமும் உரசாமல் இருக்க நடுவே இருக்க வேண்டிய குருத்தெலும்பு மேல்பக்கம் தேய்ந்து போயிருந்தது. இப்படி உடைந்த கிண்ணத்தில் ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது, நீங்கள் செய்த தப்பு எதுவும் இல்லை என்றாள் டாக்டர். பிப்ரவரியில் புது மூட்டு வைக்கலாம். அதற்குப் பிறகு மலை ஏறுபவர்களும் உண்டு, ஏறாதவர்களும் உண்டு. இந்த அக்டோபரில் கூடாது. ஆரம்பித்திருந்த கடிதத்தை அழித்தாள்.

திரும்பி வரும்போது சுரங்கப்பாதையின் நடுவில், வெளியே ஒன்றும் தெரியாத இடத்தில், சாமல் பேசினான்.

"நீ எழுந்திருக்கல."

"இல்ல."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் எங்கிட்ட."

"சொன்னா நீ பழகிட்டு வந்திருப்ப," என்றாள் எல்ஸ்பா. "மைதானத்த சுத்தின மாதிரி."

அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் பேசவில்லை. காலையில் அவள் சாக்ஸோடு வந்தால் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். அவள் அதை நாற்காலியில் வைத்துவிட்டு ஆலைக்குப் போனாள். அவன் அடுப்பு இடுக்கியால் முயன்றான். ஆட்டைப் பிடிக்கும் கொக்கியால் முயன்றான். சாக்ஸ் பெருவிரல்வரை வந்து நின்றது. வெளியே மூன்று நாளும் தெற்குக் காற்றும் மழையும். எல்ஸ்பா வேலை முடிந்து வந்து, காற்றில் உலர்ந்த ஆட்டிறைச்சியை மெல்லிசாகச் சீவி அவன் தட்டில் வைப்பாள். அவன் தின்பான். தட்டைக் கழுவி வைப்பான். கோபத்திலும் தட்டைக் கழுவுகிறானே என்று அவளுக்குச் சிரிப்பு வரும், சிரிக்கமாட்டாள்.

மூன்றாம் நாள் மாலை ஹானுஸ் வந்தார். சாமலின் வலது காலில் கம்பளிச் சாக்ஸ் இருந்தது. இடது கால் வெறுங்காலாக, ரப்பர் செருப்புக்குள் நீலம் பாரித்திருந்தது.

"என்ன மச்சான், ஒரு காலுக்கு மட்டும் கோடைகாலமா?"

சாமல் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மேஜைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கழுத்துக்கு வேற ஆளப் பாரு," என்றான்.

ஹானுஸ் காபியில் சர்க்கரை போட்டு ரொம்ப நேரம் கலக்கினார். பட்டிக் கதவைப் பிடிக்க ஆள் தேவைப்படுகிறது என்றார். அது கிழவர்கள் வேலை என்றான் சாமல். ஆமாம், அடுத்து எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நீ முந்திக்கொண்டாய் என்றார் ஹானுஸ். போகும்போது வாசலில் தங்கையின் தோளை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனார்.

ஆடு திரட்டும் நாள் வந்தது. காலை ஐந்து மணிக்கு எல்ஸ்பா கீழ் அறைக்கு வந்தாள். சாக்ஸ் கையில் சூடாக இருந்தது. இந்த முறை கால் போர்வைக்குள் போகவில்லை. சாமல் கண்ணை மூடி, சீராக மூச்சுவிட்டுப் படுத்திருந்தான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குதியை உள்ளங்கையில் தாங்கி மெதுவாகத் தூக்கினாள். விரல்களை நுழைத்தாள். அப்போதுதான் போர்வையின் மறுபக்கம் அவன் கை தெரிந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

அவள் அப்படியே நிறுத்தினாள். அவன் கண்ணைத் திறந்தான்.

"நான் தூங்கல," என்றான்.

"தெரியுது."

"இன்னைக்கு மட்டும் இல்ல. நீ அஞ்சு மணிக்கு வந்த ஒரு நாளும் நான் தூங்கினதில்ல."

"ஏன்?"

"முழிச்சிருந்தா என் முகத்தப் பாப்ப."

எல்ஸ்பா காலை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் விழித்துவிடக்கூடாதே என்று பத்து மாதமாக அவள் மூச்சைப் பிடித்திருக்கிறாள். அவள் பார்த்துவிடக்கூடாதே என்று பத்து மாதமாக அவன் மூச்சைப் பிடித்திருக்கிறான்.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

சாமல் மூச்சை வெளியே விட்டான்.

"வலிக்குது."

"எப்போ? தூக்கும்போதா, போடும்போதா?"

"தூக்கி வச்சிருக்கும்போது. சட்டுனு போட்டுட்டா அவ்வளவு தெரியாது."

"சட்டுனா?" என்றாள் எல்ஸ்பா. "நான் உன்ன எழுப்பக்கூடாதுன்னு பத்து மாசமா நத்த மாதிரி போட்டுட்டிருக்கேன்."

"ஆமா."

"சொல்றதுக்கென்ன?"

"நான்தான் தூங்கிட்டிருக்கேனே," என்றான் சாமல்.

அவள் சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, சாக்ஸை ஒரே இழுப்பில் குதிவரை ஏற்றினாள். அவன் "அம்மா!" என்றான்.

மழை இல்லை. மலையின் மேல்பாதியில் மேகம் இருந்து, ஒன்பது மணிக்கு மேல் ஏறியது. சாமல் பட்டிக் கதவருகில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் எல்ஸ்பாவின் சூப் அண்டா. மேலே வரிசை நகர்ந்தது. ஆட்கள் சிறிய நிறங்களாகத் தெரிந்தார்கள், கத்துவது கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. ஆடுகள் சரிவெல்லாம் ஓடி ஒன்றாகச் சேர்ந்து இறங்கின. சாமல் கழுத்தைத் தேடினான். யார் நிற்கிறார்கள் என்று அதுவரை யாரிடமும் கேட்கவில்லை.

கழுத்தில் யாரும் இல்லை.

மந்தையிலிருந்து இரண்டு பெட்டை ஆடுகள் பிரிந்து, தலையைத் தூக்கிப் பார்த்து, அந்த வழியாக அவசரமே இல்லாமல் ஏறிப் போய்விட்டன. கீழே நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். சாமல் கதவைத் திறந்து, மற்ற ஆடுகளை உள்ளே விட்டுச் சாத்தினான்.

ஹானுஸ் கடைசியாக இறங்கி வந்து சூப் வாங்கிக்கொண்டார்.

"உன் ஆளுங்க ரெண்டு பேர் தப்பிச்சுட்டாங்க மச்சான்," என்றார்.

"ஆள் போடல நீ."

"கிடைக்கல." அவர் சூப்பை ஊதினார். "அடுத்த வருஷம் நீயே போய்க் கூட்டிட்டு வா. போக முடியலன்னா அதுங்க அங்கேயே இருக்கட்டும். புல்லுக்கு என்ன குறைச்சல்?"

சாமல் கிண்ணத்தை நீட்டினான். எல்ஸ்பா அவன் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். கோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். போன வருடம் முதுகைச் சுவராக வைத்தவர்கள்தான். அவர்களில் ஒருவர், வழக்கம்போல, எப்படிப் போகுது சாமல் என்று கேட்டார்.

சாமல் எல்ஸ்பாவைப் பார்த்தான்.

"கணுக்கால் போகுது," என்றான். "இடுப்பு போகல."

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதிலை யாரும் கேட்டதில்லை. கேட்டவர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு அவர் மெதுவாக, எனக்கும் முழங்கால் போகல என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர் தோள் என்றார். ஹானுஸ் கொஞ்சம் யோசித்து, முதுகு, எட்டு வருஷமாகிறது என்றார். எல்ஸ்பா கரண்டியை உயர்த்திப் பிடித்தபடி ஒவ்வொருவரையும் பார்த்தாள்.

கழுத்துக்கு மேலே அந்த இரண்டு ஆடுகளும் மேய்ந்துகொண்டிருந்தன.